அங்கிட்டுப் போன பாக்கெட் இங்கிட்டு வரலை

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு ஆறு வருடமாக பில்லிங், ஸ்டாக் இரண்டும் நான்தான் பார்த்துக்கொடுக்கிறேன். டேட்டாபேஸ் ஓடிய கணினி பட்டறையின் மூலையில், மேஜைக்கு அடியில் இருந்தது. சிமெண்ட் தூசியும் மணல் தூசியும் ஃபேன் வழியாக உள்ளே போய்ப் படிந்து, அதற்குள் இரண்டு முறை பவர் சப்ளை மாற்றியாகிவிட்டது. மூன்றாவது முறை ஹார்ட் டிஸ்க்கும் சத்தம் போட ஆரம்பித்ததும், "இனி இதைத் தூக்கி கிளவுடுல வச்சிருவோம்ணே" என்றேன். ஆடி மாதம். யாரும் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள், ஆர்டர் மந்தம். மாற்றுவதற்கு இதைவிடத் தோதான சமயம் கிடையாது. ஆவணி பிறந்துவிட்டால் அண்ணனுக்கு போன் எடுக்கக்கூட நேரமிருக்காது.

திட்டம் எளிதாகத்தான் தெரிந்தது. டேட்டாபேஸ் சர்வருக்கு வெளி முகவரியே வேண்டாம். உள் சப்நெட்டில், அதாவது வெளியார் நேராக எட்டாத உள் வலைப்பகுதியில், 10.20.2.25 என்ற முகவரியில் இருக்கட்டும். அதற்கு முன்னால் வாசல் மாதிரி ஒரு சிறிய லினக்ஸ் கேட்வே. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு: வெளியைப் பார்ப்பது ஈத்0, உள் சப்நெட்டைப் பார்ப்பது ஈத்1. பட்டறையிலிருந்து கேட்வே வரை, இணையத்துக்குள்ளேயே பூட்டிய சுரங்கப்பாதை மாதிரி ஒரு வயர்கார்டு டனல், அதன் பெயர் டபிள்யூஜி0. பட்டறைக் கணினிகள் 192.168.50-ல் தொடங்கும் முகவரிகளில் இருக்கின்றன. நாட் போட்டு, அதாவது அனுப்புநர் முகவரியை கேட்வேயின் முகவரியாக மாற்றி, அசலை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. எந்த பில் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பது டேட்டாபேஸ் பதிவில் அசல் முகவரியோடு தெரியவேண்டும் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். அதற்கு அவருக்கு அவருடைய காரணம் உண்டு.

காரைக்குடி செக்காலையில் என் அலுவலகம் ஒரு பழைய வீட்டின் முகப்பில் இருக்கிறது. சுவர் கனத்துக்கு வைஃபை வளவைத் தாண்டாது. அதனால் கேபிள் இழுத்த ஒரே மேஜையில் நானும் கூட வேலை பார்க்கும் தம்பியும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். டனல் பத்து நிமிடத்தில் எழுந்தது. பட்டறையிலிருந்து கேட்வேக்கு பிங், அதாவது இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைப் பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்), போனது, பதில் வந்தது. டேட்டாபேஸுக்கு அடித்தால் மௌனம்.

"அங்கிட்டுப் போகுதுண்ணே, இங்கிட்டு வரலை" என்றான் தம்பி. போகிறது என்பதையும் அவன் ஊகித்துத்தான் சொன்னான். உண்மையில் போகவே இல்லை.

கார்டு வழியாகப் போகும், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை கேட்வேயில் வைத்துப் பார்த்தோம். டபிள்யூஜி0-வில் பிங் வந்து இறங்குகிறது. ஈத்1-ல் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் முதலில் பார்க்கவேண்டியது ஐபி_ஃபார்வர்டு. லினக்ஸின் மையமான கர்னலில் இது இயல்பாக 0. அதாவது தன் முகவரிக்கு வராத பாக்கெட்டை இன்னொரு கார்டு வழியாகக் கடத்திவிடுவது தன் வேலை இல்லை என்று கர்னல் இருந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் மறந்திருந்தேன்.

மாற்றுவதற்கு முன் தம்பிக்கு ஒன்று காட்டினேன். என்ஸ்டாட் என்ற கட்டளை கர்னலின் உள் எண்ணிக்கைகளைக் கொட்டும். ஒவ்வொரு பிங்குக்கும் ஐபி-இன்-அட்ர்-எரர்ஸ் என்ற எண் ஒன்று ஏறியது. ஃபார்வர்டிங் அணைந்திருக்கும்போது அடுத்தவர் முகவரிக்கு வந்த பாக்கெட்டை கர்னல் இந்தக் கணக்கில்தான் எழுதிக்கொண்டு கீழே போடுகிறது. ஐபி_ஃபார்வர்டை 1 ஆக்கியதும் அந்த எண் நின்றது. கடத்திவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணான ஐபி-ஃபார்வ்-டேட்டாகிராம்ஸ் ஏறத் தொடங்கியது. ஈத்1-லும் பாக்கெட் வெளியேறுவது தெரிந்தது. இதன்பிறகு நான் கான்ஃபிக் ஃபைலைப் பார்ப்பதைவிட இந்த எண்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

அடுத்தது, டேட்டாபேஸ் சர்வரில் டிசிபிடம்ப். அங்கே ஒன்றும் வரவில்லை. ஈத்1-லிருந்து கிளம்பியது கண்ணால் பார்த்த உண்மை. எதிர்முனைக்கு வரவில்லை என்பதும் உண்மை. நடுவில் கம்பி என்று ஒன்று இருந்தால் பிடித்துப் பார்க்கலாம். கிளவுடில் அந்தக் கம்பியே ஒரு மென்பொருள். ஒரு கார்டிலிருந்து கிளம்பும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரி அந்தக் கார்டுடையதாக இருக்கவேண்டும், வந்து சேருவதன் பெறுநர் முகவரியும் அதனுடையதாகவே இருக்கவேண்டும் என்று அது சரிபார்க்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் பெயரில் யாரும் பாக்கெட் அனுப்பிவிடக்கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடுதான். ரவுட்டராக வேலை செய்யும் சர்வருக்கு மட்டும் அது ஆகாது. ஏனென்றால் அதன் பிழைப்பே அடுத்தவர் பாக்கெட்டைச் சுமப்பது. அமேசானில் இதற்கு சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக் என்று பெயர்; அணைக்கவேண்டும். அசூரில் நெட்வொர்க் கார்டின் அமைப்பில் ஐபி ஃபார்வர்டிங் என்று இருக்கும், இயக்கவேண்டும். கூகுளில் கேன் ஐபி ஃபார்வர்டு. ஓபன்ஸ்டாக்கில் போர்ட் செக்யூரிட்டி, அனுமதித்த முகவரிப் பட்டியல் என்று வரும். பெயர் ஆளுக்கு ஒன்று, விஷயம் ஒன்றுதான். சர்வருக்குள் உட்கார்ந்துகொண்டு எந்தக் கட்டளை அடித்தாலும் இது கண்ணுக்குத் தெரியாது. கர்னல் தன் வேலையை முடித்து அனுப்பிவிட்டது; அதன் கணக்கில் எல்லாம் சரி.

ஈத்1-க்கு அந்தச் சோதனையை நீக்கினேன். டேட்டாபேஸில் பிங் வந்து இறங்கியது, பதிலும் கிளம்பியது. ஆனால் கேட்வேக்கு வரவில்லை. அந்தச் சோதனை கார்டு வாரியாக இருக்கிறது என்று உறைக்க இன்னும் கால் மணி நேரம் ஆனது. ஈத்0-க்கும் நீக்கியதும் பதில் கேட்வேயை எட்டியது. டிசிபிடம்ப்பில் தெளிவாகத் தெரிகிறது: 10.20.2.25-லிருந்து 192.168.50.21-க்கு, ஈத்0 வழியாக.

ஈத்0 வழியாக. இந்த இடத்தில் நான் நிமிர்ந்திருக்கவேண்டும். போனது ஈத்1-ல், திரும்புவது ஈத்0-வில். நிமிரவில்லை. மதியம் இரண்டு மணி, பசி. கண் டபிள்யூஜி0-வைத்தான் பார்த்தது. அங்கே பதில் வரவில்லை. இப்போதுதான் தம்பி முதலில் சொன்னது உண்மையானது: அங்கிட்டுப் போகிறது, இங்கிட்டு வரவில்லை.

ஆர்பி_ஃபில்டர் என்று சந்தேகம் வந்தது. ஒரு பாக்கெட் ஒரு கார்டில் வந்தால் கர்னல் தலைகீழாக ஒரு கேள்வி கேட்கும்: இதை அனுப்பியவருக்கு நான் பதில் எழுதினால் எந்தக் கார்டு வழியாக அனுப்புவேன்? இதே கார்டு என்றால் உள்ளே விடும். வேறு கார்டு என்றால், யாரோ பொய் முகவரி போட்டு வந்திருக்கிறார் என்று சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். இது கண்டிப்பான முறை, மதிப்பு 1. 2 என்றால் தளர்ந்த முறை: எந்தக் கார்டு வழியாகவாவது அவரை எட்ட முடிந்தால் போதும். 0 என்றால் கேள்வியே இல்லை. 2004-ல் வந்த ஆர்எஃப்சி 3704 என்ற இணைய நெறி ஆவணம் இந்தக் கண்டிப்பு, தளர்வு இரண்டையும் பேசுகிறது.

டேட்டாபேஸின் பதில் ஈத்0-வில் வருகிறது. ஆனால் 10.20.2.25-க்குப் போகும் வழி கர்னல் கணக்கில் ஈத்1. கண்டிப்பான முறையில் இது பொய் முகவரி. ஆக, ஈத்0-வின் ஆர்பி_ஃபில்டரை 0 ஆக்கினேன். பிங் அடித்தேன்.

வரவில்லை.

மறுபடி 0 போட்டேன். படித்துப் பார்த்தேன், 0 என்றுதான் காட்டியது. ஃபயர்வால் விதிகளை முழுக்கக் காலி செய்தேன். டனலில் எந்த முகவரிகளை விடலாம் என்று சொல்லும் வயர்கார்டின் அலவுடு-ஐபிஸ் வரியில் பட்டறை சப்நெட் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். டனலை இறக்கி ஏற்றினேன். இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அந்த நேரத்தில் செய்த எதற்கும் காரணம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தம்பிதான் என்ஸ்டாட்டைத் திரும்ப ஓடவிட்டான். டிசிபி-எக்ஸ்ட் பிரிவில் ஐபி-ரிவர்ஸ்-பாத்-ஃபில்டர் என்ற எண் பிங்குக்கு ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. நான் அணைத்துவிட்டேன் என்று நம்பிய ஃபில்டர் உயிரோடு இருக்கிறது. உறுதிசெய்ய ஐபி ரூட் கெட் கட்டளையில், இந்த அனுப்புநரிடமிருந்து இந்தப் பெறுநருக்கு ஈத்0 வழியாக ஒன்று வந்தால் என்ன செய்வாய் என்று கர்னலையே கேட்டோம். இன்வேலிட் கிராஸ்-டிவைஸ் லிங்க் என்றது. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு ஹார்டு லிங்க் போட முயன்றால் வரும் பிழை வாசகம் அது. ஃபைல் சிஸ்டத்துக்காக எழுதிய பிழை எண்ணை நெட்வொர்க் பக்கமும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் முறை பார்ப்பவனுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. இப்படிப்பட்ட பாக்கெட்டைப் பதிவில் எழுதச் சொல்லும் லாக்-மார்ஷியன்ஸை 1 ஆக்கியபோது கர்னல் பதிவிலும் வந்தது: மார்ஷியன் சோர்ஸ், செவ்வாய் கிரகத்து அனுப்புநர். அண்ணனின் பில் டேட்டாபேஸ் செவ்வாயில் இருக்கிறதாம்.

விஷயம் இதுதான். ஆர்பி_ஃபில்டர் ஒவ்வொரு கார்டுக்கும் தனியாக உண்டு. ஆல் என்ற பெயரில் பொதுவாகவும் ஒன்று உண்டு. கர்னல் இரண்டையும் பார்த்து, எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளும். ஆல் 1 என்று இருந்தது. ஈத்0 0. பெரியது 1. நான் எத்தனை முறை 0 போட்டாலும் அது 1-தான். வேடிக்கை என்னவென்றால், 0-க்குப் பதில் 2 போட்டிருந்தால் முதல் முறையே வேலை செய்திருக்கும். 2 ஒன்றைவிடப் பெரியது அல்லவா. அதிகமாகத் தளர்த்தினால் பலிக்காது, கொஞ்சமாகத் தளர்த்தினால் பலிக்கும். இப்படி ஒரு கணக்கை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. கர்னல் ஆவணத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கிறது, படித்தால்தான் உண்டு.

எல்லா அமைப்புக்கும் இதே விதி என்றும் எண்ணிவிடக் கூடாது. இதைவிட நல்ல வழி அங்கே இருக்கிறது என்று அனுப்பியவருக்குச் சொல்லும் செய்திக்கு ரீடைரக்ட் என்று பெயர். சென்ட்_ரீடைரக்ட்ஸில் ஆல், கார்டு இரண்டில் எது 1 ஆக இருந்தாலும் ரீடைரக்ட் போகும். நிறுத்த இரண்டையும் 0 ஆக்கவேண்டும். அக்செப்ட்_ரீடைரக்ட்ஸோ, ஃபார்வர்டிங் இயங்கும்போது இரண்டுமே 1 ஆக இருந்தால்தான் ஏற்கும். ஃபார்வர்டிங் இல்லாதபோது ஏதாவது ஒன்று போதும். ஒரே மாதிரி பெயர், ஒரே மாதிரி இடம், ஆளுக்கொரு நியாயம். நான் இதை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஆலுக்கு 1 போட்டது யார் என்று தேடினால், நானேதான். புது சர்வர் எடுத்தால் பாதுகாப்புக்காக ஓட்டும் என் பழைய ஸ்கிரிப்ட். கர்னலின் சொந்த இயல்பு மதிப்பு 0 தான்.

ஈத்0-வில் 2 வைத்தேன். பிங் வந்தது. அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றிக்கொண்டிருந்த ஆள்களோடு நின்றுகொண்டிருந்தார். "முடிஞ்சதா தம்பி? இரு இரு, நாங்கள்லாம் கல்லைக் கண்ணாடியிலருந்து எடுத்துப் பாத்தாத்தான் முடிஞ்சதும்போம்" என்றார். முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும் கல் அது. எடுக்கும்வரை பூ எப்படி விழுந்திருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது.

அவர் சொன்னது உறுத்தியது. சாப்பிட்டு வந்து முதலிலிருந்து யோசித்தேன். பதில் ஏன் ஈத்0-வில் வருகிறது? முதல் வரைபடத்தில் கேட்வேக்கு ஒரே கார்டுதான் இருந்தது. அப்போது, எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் கிளவுடின் ரூட் டேபிளில் பட்டறை சப்நெட்டுக்கு ஈத்0-வைக் காட்டி எழுதியிருந்தேன். பிறகு ஈத்1 சேர்த்தேன், டேபிளைத் தொடவில்லை. நோய் அங்கே இருக்கிறது. நான் ஃபில்டருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். டேபிளை ஈத்1 பக்கம் திருப்பினேன். போவதும் வருவதும் ஒரே வாசல் ஆனது. ஈத்0-வின் ஆர்பி_ஃபில்டரை 1-க்கே கொண்டுபோனேன், ஈத்0-வில் நீக்கிய கிளவுட் சோதனையையும் திரும்பப் போட்டேன். டனலின் பாக்கெட்டுகள் கேட்வேயின் சொந்த முகவரியில்தானே வந்து போகின்றன, அதற்கு இந்தச் சோதனை இடைஞ்சல் இல்லை. இரண்டு கேட்வே வைத்து, பதில் எந்தப் பக்கமும் வரலாம் என்றிருக்கிற இடத்தில் 2 நியாயம். எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் 0 ஆக்கு என்று சொல்வதைக் கேட்டு நடந்தால், வெளியைப் பார்க்கும் கார்டில் பூட்டு இல்லாமல் போகும்.

மறுநாள் காலை அண்ணனின் போன். பில் போடுகிறது, லாகின் ஆகிறது, மாத ஸ்டாக் லிஸ்ட் எடுத்தால் மட்டும் தொங்குகிறது. இது வேறு வியாதி, கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. டனலின் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1420 பைட். டேட்டாபேஸ் 1500 பைட் பாக்கெட்டாக, உடைக்கக்கூடாது என்ற குறியோடு அனுப்புகிறது. கேட்வே அதை டனலில் நுழைக்க முடியாமல், சின்னதாக அனுப்பு என்று ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்புகிறது. அந்தச் செய்தியை டேட்டாபேஸின் செக்யூரிட்டி குரூப் என்ற கிளவுட் ஃபயர்வால் தடுக்கிறது. பிங்குக்கு மட்டும் நான் அனுமதி கொடுத்திருந்தேன். சின்ன பில் ஒரு பாக்கெட்டில் அடங்கிவிடும், போய்விடும். ஸ்டாக் லிஸ்ட் பெரிது, முட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் செய்திக்குரிய ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4-ஐ அனுமதித்தேன். அதோடு கேட்வேயின் ஃபார்வர்டு பாதையில் டிசிபிஎம்எஸ்எஸ் விதி ஒன்று போட்டு, தொடக்கத்திலேயே அளவைப் பாதைக்குத் தக்கபடி குறைக்கச் சொன்னேன். 1420-ல் தலைப்புகளுக்கு 40 போக 1380. பட்டறையின் இணைய இணைப்பு பிபிபிஓஇ வகை, எம்டியூ 1492. டனலின் மேல்சுமை ஐபிவி4-ல் 60, மொத்தம் 1480, அடங்குகிறது. லிஸ்ட் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்டேட் போட்டு கேட்வேயை ரீபூட் செய்தேன். எல்லாம் செத்தது. ஐபி_ஃபார்வர்டு மறுபடி 0. நான் 60 என்று தொடங்கும் பெயரில் ஃபைல் எழுதி வைத்திருந்தேன்; அதே என் பாதுகாப்பு ஸ்கிரிப்ட் 99 என்று தொடங்கும் ஃபைலில் 0 எழுதியிருக்கிறது. இந்த அமைப்புகளை ஏற்றும் சிஸ்சிடிஎல், ஃபைல்களைப் பெயர் வரிசையில் படிக்கும், பின்னால் வருவது ஜெயிக்கும். 99-லிருந்து அந்த வரியை எடுத்தேன். என் ஃபைலில் ஐபி_ஃபார்வர்டை முதல் வரியாக வைத்தேன், ஏனென்றால் அதை மாற்றும்போது மற்ற சில அமைப்புகள் இயல்பு நிலைக்குத் திரும்பும் என்று கர்னல் ஆவணம் எச்சரிக்கிறது; கீழே எழுதியவை அதன்பிறகு ஏறட்டும். மூன்று முறை ரீபூட் செய்து, மூன்று முறையும் கல்லை எடுத்துப் பார்த்தேன்.

அப்புறம் தம்பி, கண்காணிப்புக்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்று கேட்வேயில், மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கன்டெய்னர் எஞ்சின் ஒன்றை நிறுவினான். அது தன் பாதுகாப்புக்காக ஃபயர்வாலின் ஃபார்வர்டு கொள்கையை டிராப், அதாவது தனி அனுமதி இல்லாததைக் கீழே போடு, என்று ஆக்கிவிட்டது. டனல் போக்குவரத்து நின்றது. இந்த முறை எண்ணிக்கைகளைப் பார்த்து அவனே நான்கு நிமிடத்தில் பிடித்தான்: இன்-அட்ர்-எரர்ஸ் ஏறவில்லை, ரிவர்ஸ்-பாத்-ஃபில்டர் ஏறவில்லை, ஃபார்வர்டு கொள்கைக்கு நேரே இருக்கும் எண் மட்டும் ஏறுகிறது. டபிள்யூஜி0-க்கும் ஈத்1-க்கும் இடையே இரு பக்கமும் விடும் விதியைச் சேர்த்தான். கண்காணிப்பை வேறு சர்வருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். கேட்வே கேட்வேயாக மட்டும் இருக்கட்டும்.

அண்ணன் அந்த வாரம் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் தூக்குவாளியில் கொடுத்துவிட்டார். ஆவணி பிறந்துவிட்டது, பட்டறையில் மூன்று கணினியிலும் பில் ஓடுகிறது.

பாக்கி, புது வகை முகவரி முறையான ஐபிவி6. அதைத் தொடவில்லை. அதில் ஃபார்வர்டிங்கை இயக்கினால், ரவுட்டர் அறிவிப்பை ஏற்கும் அக்செப்ட்_ஆர்ஏ 1 என்று இருந்தாலும் கர்னல் அந்த அறிவிப்புகளைக் கண்டுகொள்ளாது. ஈத்0-வில் அதை 2 ஆக்காவிட்டால் கேட்வே வெளியே போகும் பொது வழியான டிஃபால்ட் ரூட் போய்விடும். புரட்டாசியில் ஒரு ஞாயிறு பார்த்து வைத்திருக்கிறேன்.